கண்ணாடி மங்கினால் மாஸ்க் கசிகிறது! தூசிக் காட்டுக்கு ஏற்ற மாஸ்க்கும் காகிள்ஸும் தேர்ந்தெடுப்பது எப்படி?

“மாஸ்க் போட்டா கண்ணு தெரியல. கண்ணாடிய கழட்டினா கண்ணுல மண்ணு. ரெண்டையும் சேத்து எப்படிங்க போடுறது?” - கல் குவாரி, கிரஷர், சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் கோடவுன் என்று தூசிக்குள் வேலை பார்க்கும் எந்த ஊரிலும் கேட்கிற கேள்வி இது.

பெரும்பாலானோர் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு ஒன்றுதான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிடுவது. கண்ணாடி தெளிவாகிவிடும், வேலையும் நடக்கும். ஆனால், அந்த நேரமெல்லாம் தூசி நேராக நுரையீரலுக்குப் போகிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மாஸ்க் போட்டதும் கண்ணாடி மங்குகிறது என்றால், மூச்சுக்காற்று மூக்கின் மேல்பக்க இடைவெளி வழியாக மேலே ஏறுகிறது என்று பொருள். காற்று வெளியே போகிற அதே இடைவெளி, மூச்சை இழுக்கும்போது தூசி உள்ளே வரும் வழியாகவும் ஆகிவிடும். ஆக, கண்ணாடி மங்குவது வெறும் தொந்தரவு அல்ல. ‘உங்கள் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை’ என்று முகத்துக்கு நேரே காட்டும் எச்சரிக்கை.

மாஸ்க்கைத் தனியாகவும் காகிள்ஸைத் தனியாகவும் வாங்கிவிட்டு அவஸ்தைப்படாமல், இரண்டையும் ஒரு ஜோடியாகப் பார்த்து வாங்குவது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

பந்தல்குடி தூசியில் என்ன இருக்கிறது?

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் வரும் ஊர் பந்தல்குடி. திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் முழுக்கவே வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அடுத்தடுத்து கிடக்கும் நிலம். ராம்கோ சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இங்கே இருக்கிறது. மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் கல் குவாரிகள், ஜல்லி கிரஷர்கள். அருப்புக்கோட்டை பக்கம் நூற்பாலைகளும் தறிகளும்.

ஆகவே இங்கே ‘தூசி’ என்பது ஒரே பொருள் அல்ல. குறைந்தது நான்கு வகை உண்டு.

முதலாவது, ஆடிக்காற்றில் பறக்கும் கரிசல் மண். கண்ணை உறுத்தும், மூக்கை அடைக்கும். இதில் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையுமே பிடித்து வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது, சுண்ணாம்புக்கல் தூசி. இது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கண், மூக்கு, தொண்டையில் எரிச்சல் தரும். இதோடு கலந்திருக்கும் குவார்ட்ஸின் அளவு பாறைக்குப் பாறை மாறும்.

மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்தானது. கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளை உடைக்கும்போதும் துளையிடும்போதும் வரும் தூசி. இந்தப் பாறைகளில் குவார்ட்ஸ், அதாவது படிக வடிவ சிலிக்கா, கணிசமாக இருக்கும்.

நான்காவது, பஞ்சுத் தூசி. நூற்பாலைகளில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு ‘பிசினோசிஸ்’ என்ற நுரையீரல் நோய் வரலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமாக இருப்பது இதன் ஆரம்ப அடையாளம்.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, தெரியாத தூசிதான் மோசம். மனித முடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும் துகள்கள் 5 மைக்ரானுக்கும் குறைவானவை. சிலிக்கா துகள் அங்கே போய் உட்கார்ந்தால், நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு கட்டத் தொடங்கும். இதுதான் சிலிகோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் சிலிக்கா கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சுவழி உள்ளே போகும் படிக சிலிக்காவை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அமெரிக்கா 2016-ல், எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு கிராமை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவுதான் எல்லை என்றால், ‘அஞ்சு நிமிஷம்தானே, மாஸ்க்க இறக்கிக்கிறேன்’ என்பதை ஒவ்வொரு மணி நேரமும் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

நாம் வெளியே விடும் மூச்சு சுமார் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஈரம் நிறைந்து வருகிறது. அது தன்னைவிடக் குளிர்ந்த பரப்பில் பட்டால், ஈரம் மிகச்சிறிய நீர்த்துளிகளாகப் படியும. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடி வெள்ளையாக மங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே கதைதான்.

‘வெயில் ஊருக்கு எதுக்கு இந்தப் பிரச்சினை?’ என்று தோன்றலாம். பாதி உண்மை. சித்திரை மதியத்தில் வெளிக்காற்று 38 டிகிரி இருந்தால், கண்ணாடியும் அதே சூட்டில் இருக்கும். மூச்சின் ஈரம் அதில் படியாது. அப்போது தொந்தரவு கொடுப்பது நெற்றி வியர்வை.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், மார்கழி, தை மாத அதிகாலை, ராத்திரி ஷிப்ட் - இந்த நேரங்களில் கண்ணாடி மூச்சைவிடக் குளிர்ந்திருக்கும். வறண்ட பூமியான இங்கே மழையின் பெரும்பகுதி வருவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஏசி கேபினில் உட்கார்ந்து எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர்களும், ஏசி அலுவலகத்திலிருந்து சைட்டுக்கு வரும் இன்ஜினீயர்களும் வருஷம் முழுக்கவே இதைச் சந்திப்பார்கள்.

எந்த வகை மங்கல் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இந்தச் சின்ன சோதனையைச் செய்து பாருங்கள். மாஸ்க்கும் காகிள்ஸும் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றாலே போதும்.

*மூச்சு விடும்போது மங்கி, இழுக்கும்போது தெளிகிறதா?* மாஸ்க் மூக்குத்தண்டில் கசிகிறது. காகிள்ஸை மாற்றிப் பயனில்லை. மாஸ்க்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

*ஓரங்களில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூடி, அப்படியே நிற்கிறதா?* காகிள்ஸுக்குள் வியர்வை ஈரம் தங்குகிறது. காற்றுத் துளை போதவில்லை, அல்லது அடைத்திருக்கிறது.

*ஏசியிலிருந்து வெளியே வந்ததும் சட்டென்று முழுசாக மங்கி, சில நிமிடங்களில் தானே சரியாகிறதா?* கண்ணாடி குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். வெளிச்சூட்டுக்குக் கண்ணாடி பழகும் வரை வண்டி ஓட்டாமல், இயந்திரம் தொடாமல் காத்திருந்தால் போதும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் உடம்பைப் பாதிக்கும் விஷயம்.

பனிச்சறுக்கு வீரர்கள் கற்ற பாடம்

இந்தத் தொல்லையை வைத்து அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள். காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி போன்ற இடங்களில் வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர். முகத்தை மூடிய துணிக்குள் சூடான மூச்சு. கண்ணாடி மங்கினால் சரிவில் அடுத்த மேடு தெரியாது.

1965-ல் அமெரிக்காவைச் சேர்ந்த பாப் ஸ்மித் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு லென்ஸுக்குப் பதில் இரண்டு லென்ஸ். நடுவே அசையாத காற்று. தெர்மாஸ் ஃப்ளாஸ்க் மாதிரி, வெளிக்குளிர் உள் லென்ஸுக்கு எளிதில் வராது. உள் லென்ஸ் வெதுவெதுப்பாகவே இருப்பதால் ஈரம் படிவது குறைகிறது. கூடவே, ஓரங்களில் காற்று போய்வரும் ஸ்பாஞ்ச். இன்றும் பனிச்சறுக்கு காகிள்ஸின் அடிப்படை இதுதான். பைக் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ‘பின்லாக்’ தகடும் இதே உத்தியில்தான் வேலை செய்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று விஷயங்கள். உள்பக்கக் கண்ணாடி குளிரக் கூடாது, ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும், மூச்சு மேலே ஏறக் கூடாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ‘ஆன்ட்டி ஃபாக்’ என்று கலர் கலராக விற்கும் பனிச்சறுக்கு காகிள்ஸை வாங்கிக் கிரஷரில் போடாதீர்கள். அதன் ஸ்பாஞ்ச் துளைகள் பனிக்காக வடிவமைக்கப்பட்டவை, நுண்தூசிக்காக அல்ல. அதற்கான தர அளவுகோலே வேறு. தெறிக்கும் கல் சில்லுக்கான தொழிற்சாலைப் பாதுகாப்புச் சோதனை அதில் அடங்காது. கறுப்பு லென்ஸ் என்றால் ராத்திரி ஷிப்டில் இன்னும் ஆபத்து.

மாஸ்க்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எது மாஸ்க் இல்லை என்று தெரிந்துகொள்வோம். தலையில் கட்டும் துண்டு, கர்சீப், பைக்கில் போகும்போது மாட்டும் துணி உறை - இவை பறக்கும் மண்ணைத் தடுக்கும். நுண்தூசியைத் தடுக்காது. கொரோனா காலத்தில் போட்ட நீலநிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரங்களில் திறந்தே இருக்கும். தூசி வேலைக்கு அது போதாது. துண்டை நனைத்துக் கட்டினாலும் ஓரக் கசிவு அப்படியேதான் இருக்கும்.

என்95, எஃப்.எஃப்.பி.2: என்95 என்பது அமெரிக்கத் தரம். வடிகட்டியில் ஊடுருவுவதற்கு மிக எளிதான அளவுள்ள, சுமார் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் எஃப்.எஃப்.பி.1, 2, 3 என மூன்று படிகள். அவற்றின் வடிகட்டும் திறன் முறையே குறைந்தது 80, 94, 99 சதவீதம். இந்தியாவில் இந்த வகை மாஸ்க்குகளுக்கான தரம் ஐ.எஸ். 9473. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் மாஸ்க்கின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘என்95 மாடல்’, ‘என்95 டைப்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். கல் உடைக்கும் இடத்தில் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95-க்குக் கீழே இறங்க வேண்டாம். காற்றில் சிலிக்கா அதிகம் என்றால் அதுவும் போதாது; தூசியை அளந்து பார்த்துவிட்டுத்தான் மாஸ்க்கின் வகையை முடிவு செய்ய வேண்டும்.

‘டி’ எழுத்து: ஐரோப்பியத் தர மாஸ்க்குகளில் சிலவற்றின் மேல் ‘டி’ என்ற எழுத்து இருக்கும். டோலமைட் தூசியை ஊதி, மாஸ்க் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாமல் மூச்சுவிட வசதியாக இருக்கிறதா என்ற சோதனையில் தேறியது என்று அர்த்தம். டோலமைட், சுண்ணாம்புக்கல்லுக்கு நெருங்கிய உறவுப் பாறை. தூசி அடர்த்தியான இடத்தில் ஷிப்ட் முழுக்க வேலை பார்ப்பவருக்கு இந்த எழுத்து முக்கியம். ‘என்.ஆர்.’ என்று இருந்தால் ஒரே ஷிப்டுக்கானது, ‘ஆர்’ என்றால் மறுபடி பயன்படுத்தலாம்.

வால்வு: மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி. மூச்சு விடும்போது திறந்து, இழுக்கும்போது மூடிக்கொள்ளும். சூடும் ஈரமும் உடனே வெளியேறுவதால் முகம் வேகாது. மூச்சு மேலே ஏறாமல் முன்பக்கமாகவே போவதால் காகிள்ஸும் குறைவாகத்தான் மங்கும். கொரோனா நேரத்தில் வால்வு வேண்டாம் என்றார்கள். அது நம் மூச்சிலிருந்து மற்றவரைக் காக்க. தூசி விஷயத்தில் காக்க வேண்டியது நம் நுரையீரலை என்பதால், வால்வு உள்ளதே நல்லது.

பட்டை: காதில் மாட்டும் வகையைவிட, தலையைச் சுற்றிப் போகும் இரட்டைப் பட்டை முகத்தில் இறுக்கமாக நிற்கும். காது வலியும் இருக்காது. பட்டைக்கு அடியில் துண்டோ முக்காடோ இருந்தால் வழுக்கும். மாஸ்க்கை முதலில் போட்டு, அதற்கு மேல் துண்டைக் கட்டுங்கள்.

அளவு: முகம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. மொத்தமாக வாங்கும் ஒரே சைஸ் மாஸ்க், சின்ன முகம் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களில் பலருக்கு, கன்னத்தில் இடைவெளி விட்டு நிற்கும். வாங்கும்போதே சிறிய அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரப்பர் மாஸ்க்: தினமும் தூசியிலேயே இருப்பவர் என்றால், வடிகட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் சிலிக்கான் அல்லது ரப்பர் அரை மாஸ்க்கை யோசிக்கலாம். ஆரம்பத்தில் விலை கூட. ஆனால் முகத்தோடு நன்றாக ஒட்டும், கழுவலாம், பல மாதங்கள் வரும். வால்வு கீழ்நோக்கி இருப்பதால் காகிள்ஸோடு ஒத்துப்போகும்.

காகிள்ஸ்: துளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

கடையில் எடுத்ததும் லென்ஸைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் காற்றுத் துளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நேரடித் துளை உள்ளது: விரலை நீட்டினால் நேராக உள்ளே தெரியும். காற்றோட்டம் நன்றாக இருக்கும், மங்காது. ஆனால் தூசியும் நேராகக் கண்ணுக்கு வரும். கல் சில்லு மட்டும் தெறிக்கும் வேலைக்குச் சரி.

மறைமுகத் துளை உள்ளது: மூடி போட்ட ஜன்னல் மாதிரி. காற்று வளைந்து உள்ளே போகும். தூசியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். குவாரி, கிரஷர், சிமெண்ட், சுண்ணாம்பு வேலைகளுக்கு இதுதான் பொருத்தம்.

துளையே இல்லாதது: நுண்தூசிக்கும் புகைக்கும் நல்ல பாதுகாப்பு. ஆனால் சீக்கிரம் மங்கும். பூச்சு தரமாக இருந்தால் மட்டும் தாக்குப்பிடிக்கலாம்.

பக்கவாட்டில் திறந்திருக்கும் சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி காற்றடிக்கும் திறந்தவெளியில் தூசியைத் தடுக்காது. நம்பர் கண்ணாடி போடுபவர்கள், அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் அகலமான காகிள்ஸாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, முத்திரை. தொழிற்சாலைக் கண் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 5983. கடைகளில் ஐரோப்பிய இ.என். 166 முத்திரையும் அதிகம் கிடைக்கும். அதில் சட்டத்தின் மேல் ‘4’ என்று இருந்தால் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட தூசிக்கானது. ‘5’ என்றால் நுண்தூசிக்கும் வாயுவுக்கும். லென்ஸின் மேல் ‘என்’ எழுத்து இருந்தால் மங்காத தன்மையைச் சோதித்தது, ‘கே’ என்றால் நுண்துகள் உரசலால் கீறல் விழாத தன்மையைச் சோதித்தது. கல் தூசியில் வேலை பார்ப்பவருக்கு இந்த இரண்டு எழுத்தும் இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்க முத்திரை உள்ளதில் மங்காத லென்ஸுக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்து. அட்டைப் பெட்டியில் ‘ஆன்ட்டி ஃபாக்’ என்று பெரிதாக அச்சடிப்பது விளம்பரம். லென்ஸில் பொறித்த எழுத்துதான் சாட்சி.

ரெண்டையும் சேர்த்துப் போடுவது எப்படி?

விலை உயர்ந்ததை வாங்கியும் மங்குகிறது என்பவர்கள் பெரும்பாலும் போடும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

1. முதலில் மாஸ்க். மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டையும் ஒரே இடத்தில் போடக் கூடாது.

2. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திப் படியவையுங்கள். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, இருபக்கமும் இடைவெளி விழும். கண்ணாடி மங்குவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

3. இரண்டு கைகளாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் கம்பியை மறுபடி சரிசெய்யுங்கள். வால்வு மாஸ்க் என்றால் மூச்சை வேகமாக இழுங்கள். மாஸ்க் லேசாக உள்ளே ஒடுங்க வேண்டும்.

4. அதன் பிறகு காகிள்ஸ். அதன் கீழ் விளிம்பு மாஸ்க்கின் மூக்குப் பகுதிமேல் இடிக்காமல், தள்ளாமல் உட்கார வேண்டும். இடித்தால் இந்த இரண்டும் ஜோடி சேராது. இதனால்தான் கடைக்குப் போகும்போது உங்கள் மாஸ்க்கையும் கொண்டுபோக வேண்டும்.

5. கடைசியாக ஹெல்மெட். பிறகு குனிந்து, நிமிர்ந்து, தலையைத் திருப்பி, நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் சரி.

தாடி, வியர்வை, வெத்தலை பாக்கு

கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டு, சவரம் செய்யாமல் இருப்பவர்கள் இங்கே நிறைய. தாடி முடி மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே வழி திறந்துவிடும். எவ்வளவு நல்ல என்95 போட்டாலும் கசியும். கண்ணாடி அதிகம் மங்குவதும் அந்த மாதங்களில்தான். விரதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாட்களில் துளையிடும் இடம், கிரஷர் வாய் போன்ற அடர்ந்த தூசிப் பகுதியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றித் தரலாம். தலை முழுக்க மூடி, மோட்டாரால் சுத்தக் காற்றை ஊதும் தளர்வான முகமூடி தாடியோடும் வேலை செய்யும். அதன் விலை அதிகம் என்பதால் நிறுவனங்களால்தான் வாங்க முடியும்.

வெயில் காலத்தில் வியர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சுவிடக் கஷ்டமாகும், அதன் வடிவமும் கெடும். மதியத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும். நெற்றியில் ஒரு வியர்வைப் பட்டை கட்டினால் காகிள்ஸுக்குள் துளி விழாது. மாஸ்க்கைக் கழற்றுவது, வெத்தலை போடுவது, தண்ணீர் குடிப்பது, போன் பேசுவது எல்லாம் தூசி இல்லாத இடத்துக்கு வந்தபிறகுதான். சூப்பர்வைசராக இருக்கும் இளைஞர்கள் போனுக்காக மாஸ்க்கை இறக்குவதைப் பார்த்தால், கீழே வேலை பார்ப்பவர்களும் அதையே செய்வார்கள்.

வீட்டு வைத்தியம்: எது சரி, எது தப்பு?

சோப்புத் தண்ணீர் உண்மையிலேயே வேலை செய்யும். இங்கிலாந்து அறுவை சிகிச்சை மருத்துவர்கள் கழகத்தின் இதழில் 2011-ல் இந்த முறை பற்றி ஒரு குறிப்பே வெளியானது. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், ஈரம் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும். படலம் வழியாகப் பார்வை தெளிவாக இருக்கும். நம்பர் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காற்றில் உலரவிட்டுப் போடலாம்.

ஆனால் பூச்சு உள்ள காகிள்ஸின் உள்பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. பூச்சு உரிந்தால் அது சாதாரண லென்ஸ்தான். தண்ணீரில் அலசி, உலரவிடுங்கள். பற்பசை வேண்டாம், அது கீறும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகாதீர்கள். பாலிகார்பனேட் லென்ஸில் விரிசல் விழும். தூசி படிந்த லென்ஸை வறண்ட துண்டால் துடைப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

என்95 வகை மாஸ்க்கைத் துவைக்கக் கூடாது. உள்ளே உள்ள இழைகளின் மின்னூட்டம்தான் நுண்தூசியைப் பிடிக்கிறது. சோப்பு பட்டால் அது போய்விடும். மூச்சு இழுப்பது கடினமானால், பட்டை தளர்ந்தால், உள்பக்கம் அழுக்கானால் தூக்கிப் போடுங்கள்.

காசு யார் கொடுப்பது?

வேலைக்கான மாஸ்க்கையும் காகிள்ஸையும் தொழிலாளி தன் கைக்காசில் வாங்க வேண்டியதில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம், 1952 சுரங்கச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020 கடந்த 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் செய்து தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. சிலிகோசிஸும் பிசினோசிஸும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள்.

சுரங்கம், குவாரி என்றால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் மேற்பார்வை செய்யும். தொழிற்சாலைகளுக்குத் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ராஜஸ்தான் அரசு 2019-ல் சிலிகோசிஸ் உள்ளிட்ட தூசி நோய்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியுதவிக்கும் வழி செய்தது.

மாஸ்க் கடைசித் தடுப்புதான்

எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும், அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. துளையிடும்போது தண்ணீர் விட்டுத் துளையிடுவது, கிரஷர் வாயில் நீர்த் தெளிப்பு, கன்வேயரை மூடுவது, டிப்பர் லாரிகளுக்குத் தார்ப்பாய், வண்டித்தடத்தில் தண்ணீர் தெளிப்பது. இவை தூசியைப் பிறக்கும் இடத்திலேயே அமுக்கிவிடும். தண்ணீர் கஷ்டமான ஊர்தான். ஆனாலும் சுரங்கக் குழியில் தேங்கும் தண்ணீரை இதற்குப் பயன்படுத்த முடியும். இதையெல்லாம் செய்யாமல் மாஸ்க்கை மட்டும் கையில் கொடுப்பது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிற கதைதான்.

பல வருஷமாகத் தூசியில் வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால், மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதையும் விடாத இருமலையும் ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். மார்பு எக்ஸ்-ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். ‘என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம்?’ என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் சிலிகோசிஸ் காசநோய் மாதிரியே தெரியக்கூடும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வேலையைச் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

சுருக்கமாக, வாங்கும் முன் ஏழு கேள்விகள்

• மாஸ்க்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9473 எண்ணும் இருக்கிறதா?

• தலையைச் சுற்றும் இரண்டு பட்டை இருக்கிறதா?

• வால்வு இருக்கிறதா?

• காகிள்ஸில் மறைமுகத் துளை இருக்கிறதா?

• லென்ஸில் மங்காத தன்மைக்கான எழுத்து பொறித்திருக்கிறதா?

• மாஸ்க்கும் காகிள்ஸும் மூக்குத்தண்டில் இடிக்காமல் உட்காருகின்றனவா?

• மூச்சு விட்டால் கண்ணாடி தெளிவாகவே இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், மற்ற ஆறுக்கும் ‘ஆமாம்’ என்றாலும் அந்த மாஸ்க்கோடு தூசிக்குள் போக வேண்டாம். மூக்குக் கம்பியைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு அளவு கேளுங்கள்.